கொலைகாரன்மேல் வந்த இரக்கம் – கடிதம்

அன்புள்ள சார்,

நெட்ஃபிளிக்ஸில் வந்த, அமெரிக்கத் தொடர்கொலைகாரன் ஜெஃப்ரி டாமர் பற்றிய தொடரை ரொம்பத் தாமதமாகப் போன வாரம்தான் பார்த்தேன். இரண்டாவது எபிசோடிலேயே நிறுத்திவிட நினைத்தேன், முடியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் போச்சு. என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் எதுக்கு உட்கார்ந்து பாக்குறீங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

என்னை உறுத்துவது ரத்தமல்ல. கடைசி எபிசோடுகளுக்கு வரும்போது எனக்கு அவன்மேல் பரிதாபம் வந்துவிட்டது. அப்பா அம்மா சண்டை, பதினெட்டு வயதில் காலி வீட்டில் தனியாக விடப்பட்டது, குடி... பதினேழு பேரைக் கொன்றவன்மேல் எப்படி சார் இரக்கம் வரும்? இணையத்தில் தேடினால் ஒரு கூட்டம் அவனை ரசித்து எழுதுகிறது, இன்னொரு கூட்டம் தொடரைப் பார்த்தவர்கள் எல்லாருமே குற்றவாளிகள் என்கிறது. இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே எடுத்துவிட்டார்கள் என்றும் படித்தேன். சட்டப்படி அப்படிச் செய்யலாமா? எனக்குத்தான் ஏதாவது கோளாறா?

கா. மணிமாறன்
திருப்பூர்

அன்புள்ள மணிமாறன்,

உங்களுக்குக் கோளாறு ஒன்றுமில்லை. எட்டொன்பது மணி நேரம் ஒருவன் கூடவே நம்மை நடக்கவிட்டால் அவன்மேல் ஒட்டுதல் வந்தே தீரும். டிவி சீரியலில் வில்லி மாமியார் இரண்டு வாரம் வராவிட்டால் என்னாச்சு என்று நம் வீடுகளில் விசாரிக்கிறார்களே, அது மாதிரிதான். இதில் நடிகரின் உழைப்பும் சேர்ந்துகொள்கிறது. டாமர் நடக்கும்போது கையை வீசமாட்டான். அது படிய வேண்டும் என்று கைகளில் ஈய எடைகளைக் கட்டிக்கொண்டு திரிந்ததாக இவான் பீட்டர்ஸ் பேட்டியில் சொல்லியிருக்கிறார். கோல்டன் குளோப் விருது அவருக்குத் தகும். ஆனால் அவ்வளவு கவனமும் ஒரே ஆள்மேல் குவிந்துவிட்டது. செத்தவர்களில் பலர் ஒரு பாரில் சிரிக்கிறார்கள், டாக்ஸியில் ஏறுகிறார்கள், அவ்வளவுதான். அவர்களுக்காக வருத்தப்பட நமக்கு நேரமே தரப்படவில்லை.

நான் சொல்வதற்குச் சாட்சி அதே தொடரின் ஆறாவது எபிசோட். காது கேளாத, வாய் பேசாத டோனி ஹியூஸின் கதை. அதில் டாமர் ஓரத்துக்குப் போய்விடுகிறான். டோனி நண்பர்களோடு பீட்சா சாப்பிட்டபடி சைகையில் கேலி பேசுகிறார், வேலை தேடுகிறார், அம்மாவிடம் செல்லம் கொஞ்சுகிறார். சில இடங்களில் ஒலியே இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் யாருக்காவது டாமர்மேல் இரக்கம் வந்திருக்குமா? உங்களுக்கும் வந்திருக்காது. இரக்கம் என்பது திரையில் யாருக்கு எத்தனை நிமிஷம் கொடுக்கிறார்கள் என்ற கணக்கில் வருகிறது. அந்தக் கணக்கைப் போட்டது இயக்குநர்களும் எழுதியவர்களும். அந்த எபிசோடையும் டோனியின் அம்மா ஏற்கவில்லை, அது அப்படி நடக்கவில்லை என்று சொன்னார். அதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் அதைப் பாராட்ட வேண்டியிருக்கிறது.

எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது வேறு. 1991 மே 27, அதிகாலை இரண்டு மணி வாக்கில், விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் 25ஆம் தெரு. லாவோஸிலிருந்து அகதியாக வந்த குடும்பத்தின் 14 வயதுப் பையன் உடம்பில் துணியில்லாமல், ரத்தம் கசிய, தள்ளாடிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டான். டாமர் வெளியே போயிருந்த நேரம். பையனைப் பார்த்தது இரண்டு கறுப்பினப் பெண்கள், இருவருக்கும் பதினெட்டு வயது. அவர்கள்தான் போலீஸைக் கூப்பிட்டார்கள். அதற்குள் டாமர் பீருடன் திரும்பி வந்துவிட்டான். "இவன் என் காதலன், வயசு பத்தொன்பது, குடித்துவிட்டுச் சண்டை போட்டான்" என்றான். அமைதியாகப் பேசும் வெள்ளைக்காரன். அந்தப் பெண்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள், போலீஸார் காதில் வாங்கவில்லை. பையனைத் தாங்களே டாமரின் 213ஆம் எண் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார்கள். மூன்று நாள் முன்னால் கொல்லப்பட்ட டோனி ஹியூஸின் உடல் அப்போது படுக்கையறையில் கிடந்தது. யாரும் கதவைத் தள்ளிப் பார்க்கவில்லை.

டாமரின் பெயரை வயர்லெஸ்ஸில் சொல்லி ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். சிறுவனிடம் பாலியல் குற்றம் செய்து தண்டனை பெற்று, நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவன் அவன். அந்த வழக்கில் பாதிக்கப்பட்ட சிறுவன் இந்தப் பையனின் சொந்த அண்ணன். கதையில் எழுதினால் ரொம்ப ஜோடனை என்று நாமே அடித்துவிடுவோம்.

அந்தப் பெண்களில் ஒருத்தியின் அம்மாதான் கிளெண்டா கிளீவ்லாண்ட். மகள் வந்து சொன்னதும் போலீஸுக்குப் போன் செய்தார். அது குழந்தையா, நிச்சயமாகத் தெரியுமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். எதிர்முனையில் இருந்தவர், அவன் பெரியவன்தான், எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று பேச்சை முடிக்கப் பார்க்கிறார். அந்த ஒலிப்பதிவு இன்றும் இருக்கிறது. அவர் கத்தவில்லை, திட்டவில்லை. தான் சொல்வதை நம்பமாட்டார்கள் என்று தெரிந்தவர்களிடம் வரும் மரியாதை அந்தக் குரலில் இருக்கிறது. பையன் அதற்குள் கொல்லப்பட்டிருந்தான். ஜூலை 22ஆம் தேதி டாமர் பிடிபடுவதற்குள் இன்னும் நால்வர்.

அந்த இரண்டு போலீஸாரும் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். 1994இல் நீதிமன்ற உத்தரவோடு திரும்ப வந்தார்கள். ஒருவர் 2005இல் மில்வாக்கி போலீஸ் சங்கத்துக்குத் தலைவராகவே ஆனார். பையனின் குடும்பம் போட்ட வழக்கில் நகர நிர்வாகம் 8,50,000 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. பத்து எபிசோடையும் பார்த்துவிட்டு நாம் டாமரின் அம்மா எப்படி, அப்பா எப்படி என்று பேசுகிறோம். ரோந்துக் காரில் வந்தவர்களின் அம்மா அப்பாவைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இந்த இடத்தில் தொடர்மேல் எனக்கு ஒரு புகார் உண்டு. கிளெண்டாவைச் சுவருக்கு அடுத்த வீட்டில் குடிவைத்துவிட்டார்கள். நாற்றம் வென்டிலேட்டர் வழியாக அவர் வீட்டுக்கு வருகிறது, டாமர் சாண்ட்விச் கொண்டுவந்து நீட்டுகிறான். கிளெண்டாவாக நடித்த நீசி நாஷ் அந்தக் காட்சியை அற்புதமாகச் செய்திருக்கிறார், சந்தேகமே இல்லை. உண்மையில் கிளெண்டா இருந்தது பக்கத்துக் கட்டடத்தில். அதே மாடியில் குடியிருந்தது வேறொரு பெண். இருவரையும் ஒருத்தியாக்கினால் கதைக்கு வசதி. ஆனால் ஒரே ஒரு பெண்மணி மட்டும் கத்தினாள், யாரும் கேட்கவில்லை என்று ஆகிவிடுகிறது. நடந்தது அதைவிட மோசம். அந்தக் குடியிருப்பில் நாற்றம் பற்றிப் பலர் புகார் சொல்லியிருக்கிறார்கள், தெருவில் நின்ற பெண்கள் சொன்னார்கள், கிளெண்டா சொன்னார். இத்தனை பேர் சொல்லியும் எடுபடவில்லை, ஏனென்றால் சொன்னவர்கள் அந்தப் பேட்டையில் வாழ்ந்த கறுப்பின மக்கள்.

ரசிகர் கூட்டம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நெட்ஃபிளிக்ஸை மட்டும் குறை சொல்ல முடியாது. டாமருக்கு முப்பது வருஷத்துக்கு மேல் முன்னால் அதே விஸ்கான்சின் மாநிலத்தில் எட் கீன் என்ற கொலைகாரன் பிடிபட்டபோது, அவனுடைய காரை ஏலத்தில் எடுத்த ஒருவர் திருவிழா திருவிழாவாகக் கொண்டுபோய் 25 சென்ட் டிக்கெட்டுக்குக் காட்டினார். ஜனம் வரிசையில் நின்றது. டாமரின் ஃபிரிட்ஜும் கத்திகளும் ஏலத்துக்கு வரவிருந்தபோது மில்வாக்கிப் பிரமுகர்கள் நான்கு லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, மொத்தத்தையும் வாங்கி 1996இல் அழித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த காரியம் அது. தொடர் வந்த 2022இல் ஹாலோவீனுக்கு டாமர் வேஷ உடைகள் விற்பனைக்கு வந்து, ஈபே அதை எடுக்க வேண்டியதாயிற்று. முதல் அறுபது நாளில் உலகம் அந்தத் தொடரைப் பார்த்தது 100 கோடி மணி நேரம். இதில் நீங்களும் நானும் அடக்கம். எல்லாரையும் குற்றவாளி என்று சொல்பவர்களும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள், விடுங்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் நீதிமன்றத்தில் பதிவானது பொதுச் சொத்து மாதிரி, யாரையும் கேட்க வேண்டியதில்லை. நம்மூரில் இதே கேள்வி கொலைக் கைதி ஆட்டோ சங்கர் விஷயத்தில் வந்தது. சிறையில் அவன் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடவிருந்தபோது சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. அதிகாரிகளோடு அவனுக்கிருந்த தொடர்புகள் வெளியே வந்துவிடும் என்ற பயம். வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1994 அக்டோபரில் தீர்ப்பானது. பொது ஆவணத்தில் இருப்பதை யார் சம்மதமும் இல்லாமல் வெளியிடலாம், அதைத் தாண்டி ஒருவருடைய சொந்த வாழ்க்கைக்குள் போனால் சம்மதம் வேண்டும் என்றது நீதிமன்றம். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரை மட்டும், ஆவணத்தில் இருந்தாலும், போடக்கூடாது என்று ஒரு விலக்கு. அந்தரங்க உரிமை பற்றி இந்தியாவில் யார் வாதாடினாலும் இந்தத் தீர்ப்பைத் தொடாமல் போவதில்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் தொடர் தப்பித்துவிடும். 1992இல் தண்டனை அறிவிக்கும் நாளில், கொல்லப்பட்ட எரால் லிண்ட்ஸியின் அக்கா டாமரை நோக்கிக் கத்திக்கொண்டே பாய்ந்தார். அது டிவியில் வந்தது. தொடரில் அதே ஸ்வெட்டர், அதே தலைமுடி, அதே வார்த்தைகள். பார்த்தபோது தன்னையே பார்ப்பது போலிருந்தது என்றும், தன்னை யாரும் தொடர்புகொள்ளவில்லை என்றும் அவர் பிறகு எழுதினார். உறவினர்கள், நண்பர்கள் என்று சுமார் இருபது பேரைத் தொடர்புகொண்டோம், ஒருவரும் பதில் சொல்லவில்லை என்கிறார் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான ரயன் மர்ஃபி. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனாலும் ஸ்வெட்டரின் டிசைனைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு ஆட்கள் இருந்தார்கள், போன் நம்பரைக் கண்டுபிடிக்க ஆளில்லை என்றால் நான் நம்பத் தயாரில்லை. பலியானவர்களின் பிள்ளைகளுக்காவது கொஞ்சம் பணம் கொடுத்திருந்தால் புரிந்துகொண்டிருப்பேன் என்று எராலின் அக்கா எழுதியிருக்கிறார். அதில் தப்பே இல்லை.

மறுபடி பார்க்கத் தோன்றினால் ஆறாவதை மட்டும் பாருங்கள், முடிந்தால் மனைவியோடு. அவரும் எழுந்து போகமாட்டார் என்று நினைக்கிறேன். இதே தொடர் வரிசையில் வந்த எட் கீன் சீசனை நான் தொடவில்லை, இப்போதைக்குத் தொடுவதாகவும் இல்லை.

அன்புடன்