மழைக்காலத்துக்கு எவ்வளவு சாப்பாடு எடுத்து வைப்பது?

கேள்வி: புதுச்சேரி ரெயின்போ நகரில் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், இன்சுலின் போட்டுக்கொள்ளும் அம்மா. 2024 புயலில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். 25 வருடம் கெடாத உணவுப் பெட்டி, வெள்ளி நிறப் பை, ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலம் என்றெல்லாம் ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கலாமா? வீட்டு அரிசி பருப்பே போதுமா?

பதில்: பெட்டி வேண்டாம். நமக்குப் புயல் வரும் காலம் ஐப்பசி முதல் மார்கழி வரை. புரட்டாசி கடைசியில் வாங்கியதைப் பொங்கல் கழிந்ததும் சமையலுக்கு எடுத்துவிடலாம். நாலு மாதம் கெடாமல் இருந்தால் போதும் எனும்போது 25 வருடத்துக்கு எதற்குக் காசு?

எதற்குத் தயாராகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய ‘தானே’ ஒரு காற்றுப் புயல். பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அடுப்பு எரியும், மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் ஓடாது. 2024 நவம்பர் 30-ல் வந்த ஃபெஞ்சல் தண்ணீர்ப் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படி வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போது அடுப்பு மூட்டவே முடியாது. முதல் வகைக்கு அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல் போதும். அரிசி மூட்டை எப்படியும் வீட்டில் இருக்கும். அடுப்பில்லாத முதல் இரண்டு நாளைத்தான் பலரும் யோசிப்பதில்லை.

அதற்கு அவலை விட்டால் வேறில்லை. கெட்டி அவல் பச்சைத் தண்ணீரிலேயே பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஊறிவிடும். வேளைக்கு ஆளுக்கு 100 கிராம் என்றால், ஐந்து பேருக்கு இரண்டு வேளை, இரண்டு நாள், மொத்தம் 2 கிலோ. கூடவே பொட்டுக்கடலை ஒரு கிலோ, வெல்லம், ஊறுகாய், பிள்ளைகளுக்கு ரஸ்க், பால் பவுடர். பொரி இடத்தை அடைக்கும். நூடுல்ஸுக்கு அடுப்பு வேண்டும். அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி எடுத்து வைப்பது. கார்த்திகை மாதத்துக் கடற்கரைக் காற்றில் திறந்து வைத்த அப்பளம் ஒரு ராத்திரியில் நமத்துப் போகும். அவலுக்கும் அதே கதிதான். ஈரம் ஏறினால் வண்டும் பூஞ்சையும் பின்னாலேயே வரும். ஆகவே மழைக்கு முன்பே, நல்ல வெயிலில் அரிசியையும் பருப்பையும் பரப்பிக் காயவைத்து, சூடு முழுக்க ஆறிய பிறகே அடையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும். வெயிலில் வைக்க இடமில்லையா? பையில் கட்டி ஃப்ரீசரில் நாலு நாள் வைத்தால் வண்டின் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டு, பிறகு டப்பாவுக்கு மாற்றுங்கள்.

கைக்குத்தல், மாப்பிள்ளைச் சம்பா போன்ற தவிட்டோடு கூடிய அரிசியை இதற்கு வைக்காதீர்கள். தவிட்டில் உள்ள எண்ணெய் சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கும். தீட்டிய புழுங்கல் அரிசிதான் தாங்கும். கம்பு மாவும் சீக்கிரம் கசக்கும். நிலக்கடலையில் பூஞ்சை கண்டால் வறுத்துச் சமாளிக்கலாம் என்று பார்க்காதீர்கள். அந்த நஞ்சு வறுத்தாலும் போகாது, மொத்தமாகக் கொட்டுங்கள்.

துவரம்பருப்பில் விளக்கெண்ணெய் தடவி வைக்கும் பழைய வழக்கம் நல்லதே. அரிசியில் போரிக் பவுடர் கலப்பதும் பக்கத்தில் அந்துருண்டை போடுவதும் கூடாது. நெல் குடோனில் போடும் மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அதிலிருந்து வரும் வாயு ஆளையே கொல்லும்.

நீங்கள் கேட்ட பொட்டலத்தில் இருப்பது இரும்புத் தூள். அது துருப்பிடிக்கும்போது பைக்குள் இருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். வண்டு மூச்சு முட்டிச் சாகும். காற்றுப் புகாத உலோகப் பூச்சுப் பையில்தான் இது வேலை செய்யும், சாதாரண பாலிதீன் பையில் வீண். நன்றாகக் காய்ந்த அரிசிக்குப் போடலாம், கட்டாயமில்லை. அரைகுறையாகக் காய்ந்த கருவாட்டுக்கும் வற்றலுக்கும் போடவே கூடாது. காற்றில்லாத ஈரத்தில் பொட்டுலினம் என்ற கொடிய கிருமி வளர இடமுண்டு. என்னைக் கேட்டால் ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவே போதும். பெரிய டிரம்மில் கொட்டாமல் சின்ன டப்பாக்களாகப் பிரியுங்கள். ஒன்றில் வண்டு வந்தாலும் மற்றவை தப்பும். உங்களுக்குப் போன தடவை முழங்கால் தண்ணீர் என்றால், இந்த முறை எல்லாம் பரணில்.

குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வைத்தால் ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர், அதாவது மூன்று கேன். தண்ணீர் உள்ளே வரும்போது கேஸை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரை மேலே ஏற்றிவிடுங்கள். சிலிண்டர் மிதக்கும்.

வெள்ளத் தண்ணீர் பட்ட அரிசியைக் கழுவிக் காயவைத்தாலும் ஆகாது. திருகு மூடி போட்ட பாட்டிலில் இருப்பதும் அப்படித்தான், மூடி இடுக்கில் சாக்கடைத் தண்ணீர் நிற்கும்.

அம்மாவுக்கு அவல் வெல்லம் ஒத்துவராது. ஊறிய அவலைக் குறைத்து, பொட்டுக்கடலையும் வறுத்த கடலையும் கூட்டிக் கொடுங்கள். ஆனால் இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கும். அந்த நேரத்துக்குக் கொஞ்சம் சர்க்கரை அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சாப்பாடு குறையும் நாளில் எத்தனை யூனிட் போடுவது என்று மழைக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கரண்ட் போனால் மருந்துக் குப்பியைத் தண்ணீர் புகாத சின்ன டப்பாவில் போட்டு, ஈர மண்பானைக்குள் வையுங்கள். ஐஸ் மேல் நேராக வைத்து உறைந்துபோனால் அந்த மருந்து பயன்படாது.