எதைத் தொடுவது, எதை விடுவது?

கேள்வி: காட்பாடியில் வீடு, வேலூரில் வேலை. மாமியாரின் மருந்து, பிள்ளைகளின் டியூஷன், கரண்ட் பில் என்று சில நாள் எல்லாம் ஒன்றாகக் குவிந்து, திகைத்து நின்றுவிடுகிறேன். என்ன செய்யலாம்? – வாசகி, காட்பாடி.

பதில்: எல்லாவற்றையும் மனதிலேயே சுமப்பதுதான் திகைப்புக்குக் காரணம். நினைவில் நாலைந்து விஷயம்தான் ஒரே நேரத்தில் நிற்கும். மிச்சம் நச்சரித்துக்கொண்டே இருக்கும். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒன்றுவிடாமல் எழுதிக் கொட்டுங்கள். பத்து நிமிடம் போதும்.

அடுத்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் ஆகும் என்று போடுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். வேலூருக்கு 20 நிமிடம் என்று எழுதுவோம். காட்பாடி மேம்பாலத்திலும் பாலாற்றுப் பாலத்திலும் வண்டி ஊர்வதைச் சேர்க்க மாட்டோம். அதனால் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்: 20 என்றால் 30. மொத்தம் போட்டால் கையில் 9 மணி நேரம், வேலையோ 12 மணி நேரத்துக்கு இருக்கும். குறை உங்களிடம் இல்லை, கணக்கில்தான்!

இன்று விட்டால் பணமோ உடம்போ கெடும் என்பவற்றில் மூன்றை மட்டும் வட்டமிடுங்கள். மருந்து அதில் நிச்சயம் வரும். பில்லுக்குக் கடைசித் தேதி நாளை மறுநாள் என்றால் பக்கத்தில் அந்தத் தேதியை எழுதி ஒதுக்குங்கள். டியூஷனுக்குக் கூட்டிப்போவதை வீட்டில் வேறொருவர் பார்க்கட்டும். மெதுவாகத்தான் செய்வார், பரவாயில்லை.

வெளிவேலைகளை ஒரே சுற்றில் முடியுங்கள். நேதாஜி மார்க்கெட் போகிற அன்றே மருந்துக்கடையும். கோடையில் இந்தச் சுற்று காலை 10 மணிக்குள் முடிய வேண்டும். வேலூர் வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் பிற்பகல் முழுக்க வீண்தான்.