பழைய பிராண்டட் சிஸ்டத்தில் பிராசசர் மாற்றலாமா? வாசகர் கேள்வி-பதில்

அண்ணாச்சி, டிடிபி கடை வைத்திருக்கிறேன். டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஐ3-3220 பிராசசர், 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க். ஃப்ளெக்ஸ் டிசைன் திறந்தாலே அப்படியே நின்றுவிடுகிறது. ஐ7-3770 போட்டால் சரியாகுமா?
*வாசகர், அம்பாசமுத்திரம்*

ஐ7-3770 அதில் தாராளமாகப் பொருந்தும். 7010-இன் மதர்போர்டில் இருப்பது க்யூ77 சிப்செட் (போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்), 1155 சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்). ஐ3-3220-க்கு 2 கோர், 4 த்ரெட், 55 வாட். ஐ7-3770-க்கு 4 கோர், 8 த்ரெட், 77 வாட். உங்களுடையது 7010-களிலேயே மிகச் சிறிய யுஎஸ்எஃப்எஃப் பெட்டி என்றால் மட்டும் 65 வாட்டைத் தாண்டாதீர்கள். அதற்கு ஐ7-3770எஸ் தேடுங்கள்.

ஆனால் உங்கள் கடையில் வேலையை நிறுத்துவது பிராசசர்தானா என்பதில் எங்களுக்குச் சந்தேகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10-க்கு 8 அடி ஃப்ளெக்ஸ், 72 டிபிஐ, சிஎம்ஒய்கே என்றால் 8640-க்கு 6912 பிக்சல். ஒரு முழு லேயருக்கே சுமார் 230 எம்பி. பத்து லேயர் வைத்தால் 2 ஜிபியைத் தாண்டிவிடும். விண்டோஸும் ஃபோட்டோஷாப்பும் தமக்கு எடுத்துக்கொண்டது போக 4 ஜிபியில் அதற்கு இடம் ஏது? மீதியை ஹார்ட் டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கிறது, அதனால்தான் நிற்கிறது. எந்த ஐ7-உம் இதைத் தீர்க்காது.

ஃப்ளெக்ஸ் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலும் சிபியு 30-லும் இருந்தால் முதலில் ஹார்ட் டிஸ்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி, அடுத்து ரேம். 8 ஜிபி ஒரே குச்சியாக வேண்டாம், 4 ஜிபி டிடிஆர்3 இரண்டாகப் போட்டால் டூயல் சேனலில், அதாவது இரண்டு பாதையில் ஒரே நேரத்தில், ஓடும். இவ்வளவும் செய்தபின் ஃபில்டர் போடும்போதும் ஃபைல் எக்ஸ்போர்ட் ஆகும்போதும் சிபியு 100-ஐத் தொட்டால் அப்போது 3770 வாங்குங்கள், வித்தியாசம் கண்ணில் தெரியும். 3770கே-க்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. அதன் சிறப்பே ஓவர்கிளாக், அதாவது வேகத்தை நாமே கூட்டுவது. க்யூ77-இல் அது கிடையாது.

1155 சாக்கெட்டுதானே என்று என் ஐ3-2100 இருந்த அலுவலக டெஸ்க்டாப்பில் ஐ5-3470 போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை. பிராசசர் டூப்ளிகேட்டா?
*வாசகர், சங்கரன்கோவில்*

பிராசசர் நல்லதாகவே இருக்கலாம். பிராண்டட் சிஸ்டத்தில் சாக்கெட் பொருந்தினால் மட்டும் போதாது. சிப்செட்டும், சிஸ்டம் ஆன் ஆனதும் முதலில் ஓடும் போர்டின் மென்பொருளான பயாஸும் அந்தப் பிராசசரை ஏற்க வேண்டும். பழைய ஐ3-யைத் திரும்பப் போட்டு, சிபியு-இசட் மென்பொருளில் மெயின்போர்டு பக்கத்தைப் பாருங்கள். க்யூ67, க்யூ65, பி65 என்று வந்தால் ஐ5-3470 போன்ற 3ஆம் தலைமுறைக்கு வழியில்லை. இன்டெல் அவற்றுக்கு அந்த ஆதரவைத் தரவில்லை. ஐ5-2400 அல்லது ஐ7-2600 வரை போகலாம். இவை இரண்டும் 95 வாட், உங்கள் ஐ3 வெறும் 65 வாட். அதனால் பிராசசரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கையும் கவனியுங்கள். நடுவில் செம்பு இல்லாத சின்ன அலுமினிய ஹீட்சிங்க் இந்தச் சூட்டுக்குப் போதாது.

ஹெச்61 அல்லது ஹெச்67 என்று வந்தால், கம்பெனி அந்த மாடலுக்குப் புது பயாஸ் வெளியிட்டிருக்கிறதா என்று அவர்கள் தளத்தில் தேடுங்கள். இருந்தால் பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே அப்டேட் செய்ய வேண்டும். பயாஸ் எழுதும்போது கரண்ட் போனால் போர்டு செத்துவிடும். யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். ஆடிக் காற்று அடிக்கும் நாளும், மாதாந்திர மின் நிறுத்தம் அறிவித்த நாளும் இதற்கு ஆகாது.

கடையில் கொடுக்காமல் நானே மாற்ற முடியுமா? ஆன்லைனில் ஜியான் மலிவாகக் கிடைக்கிறதே?
*கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை*

ஜியான் என்பது இன்டெல் சர்வர்களுக்காகச் செய்யும் பிராசசர். அதில் இ3-1230 வி2-இல் கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லையென்றால் திரை கறுப்பாகவே இருக்கும். எதை வாங்கினாலும் பிராசசரின் மேல்மூடி எழுத்து தெளிவாகத் தெரியும் படத்தைக் கேளுங்கள், ஐ7-3770 என்றால் எஸ்ஆர்0பிகே என்று இருக்கும். 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்று அடித்திருந்தால் அது சோதனைக்காகச் செய்த பிராசசர், வேண்டாம்.

மாற்றுவது கடினமில்லை, நிதானம்தான் வேண்டும். முதலில் சிஸ்டத்தைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தடவியிருக்கும் பேஸ்ட் இளகும். ஷட்டவுன் செய்து, பவர் கார்டைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஹீட்சிங்கின் நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். நேராகப் பிடுங்காமல் லேசாக இடவலமாகத் திருப்பி எடுங்கள்.

பிராசசரைப் பூட்டியிருக்கும் கம்பியை விடுவித்து மூடியைத் திறந்து பிராசசரை எடுத்ததும் சாக்கெட்டில் நூற்றுக்கணக்கான மெல்லிய ஊசிகள் தெரியும். விரலோ துணியோ அதில் படக்கூடாது. ஒரு ஊசி வளைந்தாலும் பாதி ரேம் தெரியாமல் போகலாம், சிஸ்டமே ஆன் ஆகாமலும் போகலாம். பிராசசரின் இரண்டு பள்ளமும் சாக்கெட்டின் மேடும் சேரும்படி மேலிருந்து நேராக வையுங்கள், அழுத்தாதீர்கள். கம்பியை மூடும்போது கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

பழைய பேஸ்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, புதிதாக நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு வைத்தால் போதும். ஸ்க்ரூவை மறுபடி எதிரெதிர் மூலையாக முடுக்குங்கள். ஃபேன் வயரை மறந்துவிட்டு ஆன் செய்பவர்கள் நிறைய. பிராண்டட் போர்டுகள் பலவற்றில் அந்த கனெக்டர் அவர்களுடைய தனி வகை, வெளியில் வாங்கும் கூலர் சேராது. எனவே பழைய ஃபேனைப் பத்திரமாகக் கழற்றுங்கள்.

பிராசசர் மாற்றியதிலிருந்து ஃபேன் இரைகிறது, அரை மணியில் தானாக அணைகிறது.
*வாசகர், திசையன்விளை*

சூடுதான். சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூ மானிட்டர் மென்பொருளில் பாருங்கள். முழு வேலையில் 70-80 டிகிரி பரவாயில்லை. 90-ஐத் தாண்டினால் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை, அல்லது பேஸ்ட் பரவவில்லை. கழற்றிப் பார்த்தால் பேஸ்ட் ஒரு பக்கம் மட்டும் பதிந்திருக்கும். துடைத்து மறுபடி வையுங்கள். உங்கள் பக்கம் தேரிமண்ணும் கடல்காற்றும் சேர்வதால், ஃபேனைக் கழற்றி ஹீட்சிங்க் இடுக்கையும் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஜன்னலையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

ஐ5-6500-ஐ எடுத்துவிட்டு ஐ7-8700 போட்டால் விண்டோஸ் 11 ஏறுமா? இரண்டும் 1151தானே?
*வாசகி, தென்காசி*

ஏறாது. ஐ5-6500 6ஆம் தலைமுறை, ஐ7-8700 8ஆம் தலைமுறை. 6, 7ஆம் தலைமுறைக்கு 100, 200 வரிசை சிப்செட். 8, 9ஆம் தலைமுறைக்கு 300 வரிசை. சாக்கெட் பெயர் ஒன்றாக இருந்தும் உங்கள் போர்டில் 8700 வேலை செய்யாது. அதிகபட்சம் ஐ7-7700 வரை போகலாம், அதுவும் புது பயாஸ் இருந்தால். விண்டோஸ் 11 கேட்பதோ 8ஆம் தலைமுறை முதல். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதனால் பிராசசருக்குச் செலவழிக்காமல், 8ஆம் தலைமுறை செகண்ட் ஹேண்ட் சிஸ்டமாகவே பாருங்கள். உங்கள் எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் போட்டுக்கொள்ளலாம்.