தவளையைப் படித்து என்ன செய்யப் போகிறாள்?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். "நீட் இரண்டாம் தடவையும் கைகொடுக்கவில்லை. இன்னும் ஒரு வருடம் கோச்சிங்கில் சேர்க்கலாம் என்றால், மழைக்காட்டுத் தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று பெண் பிடிவாதம் பிடிக்கிறாள். குடியாத்தத்தில் நாலு பேர் கேட்டால் என்ன பதில் சொல்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வருடம் வேண்டாம். அவள் கேட்பதைப் படிக்க வையுங்கள். ஆனால் தவளை என்று பெயர் எழுதிய இளங்கலைப் படிப்பைத் தேடி அலையாதீர்கள். விலங்கியல், மரபியல், கொஞ்சம் கணிதம், கணினி: இவற்றில் அவளுக்கு அடித்தளம் பலமாக இருந்தால் போதும். எந்தக் காடு, எந்த உயிர் என்பதை முதுகலையில் முடிவு செய்யலாம்.

வேலூரைச் சுற்றி வாழ்கிற நமக்கு உயிரியல் என்றதும் சி.எம்.சி.தான் கண்முன் நிற்கிறது. அதனால் மருத்துவம் கிடைக்காவிட்டால் எல்லாமே போய்விட்டது என்று பிள்ளைகளும் பெற்றோரும் நொந்து போகிறார்கள். உங்கள் மகள் வேறொரு வழியைத் தானே கண்டுபிடித்திருக்கிறாள். அது எப்படிப்பட்ட துறை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

2003-ல் எஸ்.டி. பிஜு என்ற இந்திய அறிஞரும் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிராங்கி பொசுய்ட்டும், கேரளத்து மலைகளில் வாழும் ஓர் ஊதா நிறத் தவளையை உலகுக்கு அறிவித்தார்கள். ஆண்டு முழுவதும் மண்ணுக்கடியில் கிடந்து, மழை தொடங்கும்போது இனப்பெருக்கத்துக்காகச் சில நாட்கள் மட்டும் மேலே வருகிற பிராணி அது. அதன் டி.என்.ஏ.வை ஒப்பிட்டபோது, மிக நெருங்கிய உறவுத் தவளைகள் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டருக்கு அப்பால், செஷல்ஸ் தீவுகளில் இருப்பது தெரிந்தது. உப்பு நீரைத் தாங்காத தவளை கடலை எப்படிக் கடந்தது? கடக்கவே இல்லை. இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக இருந்து, சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. நிலம் நகர்ந்த வரலாறு அந்தச் சின்ன உடம்பின் மரபணுவில் பதிந்திருக்கிறது. இதன் இன்னோர் இனம் நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலைச்சரிவில் இருப்பது 2017-ல் அறிவிக்கப்பட்டது. கோவை சலீம் அலி பறவையியல் மையத்தில் பணியாற்றி மறைந்த பூபதி என்ற ஆய்வாளரின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்.

பாலக்காட்டுக் கணவாய் இன்னொரு பாடம். சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தத் தாழ்நிலம், குளிர்ந்த மலைக்காட்டை விட்டு இறங்காத தவளைகளுக்குப் பெரிய தடை. பாகப்பிரிவினைக்குப் பின் பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகளைப் போல, கணவாய்க்கு வடக்கே ஓர் இனமும் தெற்கே அதன் உறவு இனமுமாகப் பல தவளைகள் பிரிந்து நிற்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சங்கர், எஸ்.பி. விஜயகுமார் குழுவினர் 2014-ல் புதர்த்தவளைகளில் மட்டும் 9 புதிய இனங்களை அறிவித்தார்கள். பார்வைக்கு ஒன்றுபோலவே தெரிகிற தவளைகளை மரபணுவும் குரலும்தான் வேறு வேறு என்று காட்டிக்கொடுக்கின்றன.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2023-ல் வெளியான உலக மதிப்பீட்டின்படி, தவளை, தேரை போன்ற இருவாழ்வி இனங்களில் ஏறத்தாழ 41 சதவீதம் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. தோட்டங்களும் சாலைகளும் காட்டைத் துண்டாக்கும்போது, ஒவ்வொரு துண்டிலும் மிஞ்சும் தவளைகள் தமக்குள்ளேயே இனம் பெருக்கி மரபணு வேறுபாட்டை இழக்கின்றன. அப்புறம் ஒரு பூஞ்சை நோய் வந்தால் தாங்குவதற்குத் தெம்பிருக்காது. எந்தத் துண்டை முதலில் காப்பாற்றுவது, எதை எதோடு இணைப்பது என்று வனத்துறைக்குச் சொல்ல இந்தப் படிப்பு வேண்டும்.

வேலை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்கிறேன். வனத்துறையின் எழுத்துமூல அனுமதியோடு இரவில் ஓடைக்குப் போவார்கள். தவளையின் வாய்க்குள் பஞ்சுக்குச்சியால் ஒரு தடவு தடவுவார்கள், அல்லது தலைப்பிரட்டையின் வால் நுனியில் ஒரு மில்லிமீட்டர் அளவு எடுப்பார்கள். அதை எத்தனால் நிரப்பிய சிறு குப்பியில் போட்டு, கூடவே ஒரு சீட்டையும் போடுவார்கள். அந்தச் சீட்டில் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். எந்த ஓடை, எந்தத் தேதி என்ற குறிப்பு போய்விட்டால் அந்த மாதிரியால் பயனில்லை. பிறகு ஆய்வகத்தில் டி.என்.ஏ.வைப் பிரித்து, பி.சி.ஆர். கருவியில் பெருக்கி, எழுத்து எழுத்தாக வாசித்து, கணினியில் வம்ச மரம் வரைவார்கள்.

கோவிட் காலத்தில் நாம் எல்லோரும் கேள்விப்பட்ட அதே பி.சி.ஆர்.தான் இது. மருத்துவமனை மரபியல் ஆய்வகத்திலும், மருந்து, விதை நிறுவனங்களிலும் இதே கைத்திறன் தேவைப்படுகிறது. தவளை ஆராய்ச்சியில் நிரந்தர இடம் கிடைக்கத் தாமதமானாலும் உங்கள் மகள் வெறுங்கையோடு நிற்கமாட்டாள். நான் தைரியமாக ஆம் என்று சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இனி வழி. இந்த ஆண்டே பி.எஸ்சி. விலங்கியலில் சேர்த்துவிடுங்கள். வேலூர் ஊரிசு கல்லூரியிலும் மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியிலும் விலங்கியல் துறை உண்டு. அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்று எழுதியிருப்பதால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். கல்லூரி அலுவலகத்தில் மறக்காமல் கேளுங்கள். கூடவே ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான நுழைவுத் தேர்வுக்கும் படிக்கட்டும். திருப்பதி ஐசர் நமக்குப் பக்கம். காட்பாடியிலிருந்து திருப்பதிக்கு ரயிலே இருக்கிறது. அங்கே ஐந்தாண்டில் இளங்கலையும் முதுகலையும் சேர்ந்தே முடியும். அந்தத் தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலும் தலா 15 கேள்விகள் வரும். கணிதம் எடுக்காதவள் என்பதால் அதற்குத் தனியாக உழைக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆண்டுக்கு அதில் வரம்பு உண்டு. இன்னொரு வருடத்தை நீட்டுக்கே கொடுத்தால் இந்தக் கதவு மூடிவிடலாம்.

ஐசர் கிடைக்காவிட்டாலும் குறையில்லை. பி.எஸ்சி. முடித்து, வனவிலங்கு உயிரியல் முதுகலைக்கு ஊட்டி அரசு கலைக் கல்லூரி, மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி, டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்.சி.பி.எஸ்.) என்று வழிகள் இருக்கின்றன. விலங்கியல் பட்டதாரி இந்திய வனப்பணித் தேர்வும் எழுதலாம்.

பணத்தைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். முனைவர் பட்டம் வரை இன்றிலிருந்து பத்து ஆண்டுகள் ஆகும். சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, அதற்கு மேல் வீட்டு வாடகைப் படி. அதன் பிறகும் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, போட்டி கடுமை. இது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இரவில் காட்டுக்குப் பெண்ணை எப்படி அனுப்புவது என்ற உங்கள் பயம் நியாயமானது. யாரும் தனியாகப் போவதில்லை. குழுவாக, காடு அறிந்த உள்ளூர்க்காரர்களோடுதான் போவார்கள். சேரும் இடத்தில் களப்பணி விதிகள் என்ன, பெண் ஆய்வாளர்கள் எத்தனை பேர் என்று நீங்களே நேரில் விசாரியுங்கள். ஒழுங்கான ஆய்வுக்குழு அதற்குச் சலிப்பில்லாமல் பதில் சொல்லும்.

அவள் ஒரு நோட்டில் குறிப்பெடுக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். மழை பெய்த நேரம், தவளை கத்திய இடம், தண்ணீர்த் தொட்டி விளிம்பில் மரத்தவளை வைத்த நுரைக்கூடு என்று எழுதுகிற பிள்ளையை எந்த ஆய்வாளரும் விரும்புவார். மேற்குத் தொடர்ச்சி மலை அளவுக்கு நம் ஜவ்வாது மலையும் ஏலகிரியும் ஆராயப்படவில்லை. அதனால் அவளுடைய குறிப்புக்கு மதிப்புண்டு. அனுமதியில்லாமல் எதையும் பிடிக்க வேண்டாம்; காப்புக் காட்டுக்குள் போகவும் வேண்டாம். செல்பேசியில் படமும் குரலும் பதிவு செய்து, இடமும் தேதியும் குறித்து, உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றட்டும்.

கல்லூரிச் சேர்க்கை முடிவதற்குள் அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். மதிப்பெண் பட்டியலையும் அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள். கணிதத்துக்கு எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்று அவளிடமே பேசிக்கொள்கிறேன்.