முள் ஆடினால் முதலில் கேபிளைப் பாருங்கள்

பெங்களூரில் பழைய கார் வைத்திருக்கும் நம் ஆட்கள் ஸ்பீடோமீட்டர் பற்றிக் கேட்ட கேள்விகள் இவை. பலர் புது மீட்டருக்கு விலை விசாரித்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். காரோடு வந்த மீட்டரைக் கழற்றி எறிந்தால் திரும்பக் கிடைக்காது.

அல்சூர், மாருதி 800: அண்ணா, மெதுவாகப் போகும்போது முள் 10-க்கும் 40-க்கும் நடுவில் துடிக்கிறது. 60-ஐத் தாண்டினால் அடங்கிவிடுகிறது. மீட்டர் போய்விட்டதா?

இல்லை தம்பி, கேபிள். கியர்பாக்ஸிலிருந்து ஒரு முறுக்குக் கம்பி உறைக்குள் சுழன்றபடி வந்து, மீட்டருக்குள் இருக்கும் காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தை ஒட்டி ஒரு அலுமினியக் கிண்ணம். இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அதையும் கூடவே இழுக்கும். தலைமுடி மாதிரி ஒரு ஸ்பிரிங் எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகிற இடத்தில் முள் நிற்கும்.

கம்பி காய்ந்துபோனால் உறைக்குள் சிக்கும், முறுக்கேறும், சட்டென்று விடுபட்டு ஓடும். மீட்டர் அந்தத் தாவலை அப்படியே காட்டுகிறது, அவ்வளவுதான். வேகம் கூடினால் கம்பி ஓடுகிற ஓட்டத்தில் சிக்கல் தெரியாது.

மீட்டருக்குப் பின்னால் கேபிளைக் கழற்றி உள் கம்பியை உருவுங்கள். மண்ணெண்ணெயில் துடைத்து, தட்டையான மேஜையில் நேராக நீட்டி, ஒரு முனையை இரு விரலால் மெதுவாக உருட்டுங்கள். மறுமுனை கூடவே சீராக உருள வேண்டும். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத் துள்ளித் திரும்பினால் கம்பியில் மடிப்பு விழுந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். நன்றாக இருந்தால் மெல்லிசாக கிரீஸ் தடவி மாட்டுங்கள், மீட்டர் பக்கம் அரை அடிக்கு மட்டும் கிரீஸ் படாமல். உள் கம்பி தனியாக வராத கேபிள் என்றால் முழுசாக மாற்றுங்கள்.

அப்புறம் கேபிள் போகும் பாதை. ஸ்டீரியோ மாட்டும்போது இழுத்து எங்காவது மடக்கியிருப்பார்கள். வளைவு அகலமாக இருக்க வேண்டும். எங்கும் மடங்கக் கூடாது.

ஃப்ரேசர் டவுன், பத்மினி: போன மாதம் கேபிளுக்கு நிறைய எண்ணெய் விட்டார்கள். இப்போது காலையில் வண்டியை எடுத்ததும் முள் 80-க்கு ஏறுகிறது. போகப் போக இறங்குகிறது. ஏன் அண்ணா?

மீட்டர் பக்கம் அரை அடிக்கு கிரீஸ் படக் கூடாது என்று சொன்னது இதற்காகத்தான் அம்மா. கம்பியின் முறுக்கு ஒரு திருகு மாதிரி; சுழலச் சுழல எண்ணெயை மேலே ஏற்றிவிடும். அது காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் போய்விட்டால் கிண்ணம் ஒட்டிக்கொண்டு சுற்றப் பார்க்கும். குளிரில் எண்ணெய் கெட்டியாக இருப்பதால் காலையில் அதிகம்.

தொழில் கற்ற புதிதில் நான் இதே தப்பைச் செய்து ஒரு நல்ல மீட்டரைக் கெடுத்தேன். சுத்தம் செய்கிறேன் என்று திறந்து ஹேர் ஸ்பிரிங்கை விரலால் தொட்டுவிட்டேன். அது பழைய நிலைக்கு வரவே இல்லை. அதனால் நீங்கள் திறக்காதீர்கள், ஸ்ப்ரேயும் அடிக்காதீர்கள். மீட்டர் வேலை மட்டுமே செய்பவரிடம் கொடுங்கள்.

ஒன்று பாருங்கள்: கேபிளின் மேல் முனையை முகர்ந்தால் கந்தகம் மாதிரி காரமான வாடை அடிக்கிறதா? அடித்தால் அது கியர் ஆயில். கியர்பாக்ஸில் கேபிள் மாட்டும் இடத்து சீல் போயிருக்கிறது. அதை மாற்றாமல் மீட்டரைச் சுத்தம் செய்து பயனில்லை.

ஸ்ரீராம்புரம்: கிலோமீட்டர் எண் ஓடுகிறது, முள் மட்டும் அசையவில்லை.

அப்படியானால் கேபிள் சரி. கோளாறு மீட்டருக்குள். இரண்டும் நின்றிருந்தால் கேபிள் அறுந்திருக்கும், இல்லை கியர்பாக்ஸில் கேபிளைச் சுற்றும் சின்னப் பல்சக்கரத்தின் (பினியன்) பல் தேய்ந்திருக்கும். மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, வண்டியை நியூட்ரலில் விட்டு, இன்ஜின் சுற்றுகிற சக்கரங்களில் ஒன்றை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். மேலே கழற்றிய கேபிளின் நுனி சுற்றினால் அதுவரை எல்லாம் சரி.

எலக்ட்ரானிக் சிட்டி: என் காரில் கேபிள் கிடையாது, சென்சார். ஹம்ப்பில் ஏறி இறங்கினால் முள் பூஜ்யத்துக்கு விழுந்து, தானாகத் திரும்புகிறது.

குலுங்கும்போது வருகிற கோளாறு என்றால் லூஸ் காண்டாக்ட் சார். சென்சாரின் கப்ளரை, அதாவது வயர் மாட்டும் இணைப்பை, பிரித்துப் பாருங்கள். பின்களில் பச்சைப் பூத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். எர்த் வயரை இறுக்குங்கள். பிறகும் விழுந்தால், டேஷ்போர்டை உள்ளங்கையால் லேசாகத் தட்டிப் பார்க்கலாம். முள் அசைந்தால் மீட்டர் போர்டில் சால்டர் (ஈயப் பற்றவைப்பு) விட்டிருக்கிறது, திரும்பப் பற்றவைத்தால் போதும். ஆனால் குலுக்கலே இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடிச் சூடானபின் மட்டும் விழுகிறது என்றால், சென்சார்மேல்தான் என் சந்தேகம் முதலில் போகும்.

கே.ஆர்.புரம், மாருதி 800: 145/70 ஆர்12 டயருக்குப் பதில் 145/80 டயர் போட்டேன். மீட்டர் குறைவாகக் காட்டுகிறதோ?

காட்டும். பழைய டயரின் விட்டம் சுமார் 508 மில்லிமீட்டர், புதியது 537. மீட்டர் 60 காட்டும்போது முன்பைவிடக் கிட்டத்தட்ட 6 சதவீதம் வேகமாகப் போகிறீர்கள். இது கோளாறு இல்லை, ஆனால் கேமரா இருக்கும் சாலையில் நினைவிருக்கட்டும்.

ஓசூர் ரோடு: மீட்டர் சரியா என்று போன் இல்லாமல் பார்க்க முடியுமா?

முடியும். கிலோமீட்டர் கல் இருக்கும் நேரான சாலையில், போக்குவரத்து குறைந்த நேரத்தில், முள்ளை 60-ல் நிறுத்தி ஓட்டுங்கள். கடிகாரத்தைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். கல்லுக்குக் கல் 60 விநாடி ஆனால் மீட்டர் சரி. 64, 65 விநாடி ஆனால் மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டுகிறது. கவலை வேண்டாம், அப்படித்தான் வைப்பார்கள். 60-க்குக் குறைந்தால்தான் டயர் அளவையும் பினியனையும் பார்க்க வேண்டும்.

மல்லேஸ்வரம்: கேபிள் எங்கே வாங்குவது அண்ணா?

ஜே.சி. ரோட்டில் தேடுங்கள். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பழைய கேபிளைக் கையில் எடுத்துப் போய், நீளத்தையும் இரண்டு முனைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபிறகு காசு கொடுங்கள்.