வெளியே உட்கார்ந்திருக்கும் அம்மா

கேள்வி: எனக்கு வயது 31. ஐந்து வருடத்தில் மூன்று மனநல மருத்துவர்களைப் பார்த்துவிட்டேன். ஒருவர் பைபோலார் இரண்டாம் வகை (மனம் அளவு மீறிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போவது) என்றார். அடுத்தவர் ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமல் பரபரப்பாக இருப்பது) என்றார். இப்போது பார்ப்பவர் பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் ஆடுவது) என்கிறார். மூன்றைப் பற்றியும் படித்தேன், மூன்றுமே என்னைப் பார்த்து எழுதியது போல இருக்கின்றன. எது சரி? நான்காவது டாக்டரிடம் போகட்டுமா? அம்மா ஒவ்வொரு முறையும் கூட வருவார், வெளியே உட்கார்ந்திருப்பார். தெளிவு கிடைக்கும்வரை மாத்திரையை நிறுத்திவைக்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

பதில்: மாத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நிறுத்தாதீர்கள். இந்த மாத்திரைகளில் சிலவற்றைச் சட்டென்று விட்டால் நோய் திரும்பி வரலாம். எழுதிக் கொடுத்தவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடக் கூடாது.

எது சரி என்று நான் சொல்லப் போவதில்லை. நான் டாக்டர் இல்லை. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி எனக்கு உறுத்துகிறது. ஐந்து வருடம், மூன்று டாக்டர்கள், அம்மா வெளியே. ஏன்?

சர்க்கரை நோய் என்றால் ரத்தத்தில் தெரிந்துவிடும். இந்த மூன்றையும் உறுதிசெய்ய அப்படி ஒரு பரிசோதனை கிடையாது. டாக்டருக்குக் கிடைப்பது நீங்கள் சொல்லும் கதைதான். அவசரப்படுவது, நிலைகொள்ளாமல் தவிப்பது, மனம் மேலும் கீழும் போவது எல்லாம் மூன்றிலும் வரும். பிரித்துக் காட்டுவது காலக்கணக்கு. ஏடிஹெச்டி என்றால் 12 வயதுக்கு முன்பே அடையாளம் இருந்திருக்க வேண்டும். பைபோலார் இரண்டாம் வகையில் அந்த உற்சாகக் கட்டம் குறைந்தது 4 நாள் தொடர்ந்து இருக்க வேண்டும். தூக்கம் குறையும், அசதி தெரியாது. பார்டர்லைனில் மனம் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள்ளேயே புரளும், அதுவும் யாரோ விலகிப் போகிறார்கள் என்று தோன்றும்போது. இரண்டு ஒன்றாக இருப்பதும் சகஜம். பார்டர்லைனுக்கு 9 அறிகுறிகளில் 5 இருந்தால் போதும் என்பதால், அதே நோய்ப் பெயர் உள்ள இருவருக்கு இடையே ஒத்துப்போவது ஒரே ஒரு அறிகுறியாகக்கூட இருக்கலாம். பெயர்கள் அப்படித்தான்.

சரி, ஏழு வயதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று யாருக்குத் தெரியும்? உங்களுக்கா?

என் தம்பிக்கு பைபோலார். "இந்த வாரம் தூங்கினீர்களா?" என்று டாக்டர் கேட்டபோது "நல்லாத் தூங்கினேன்" என்றான். பொய் இல்லை, அவன் மனதுக்கு அப்படித்தான் இருந்தது. ராத்திரி மூன்று மணிக்கு அவன் பீரோவை இழுத்து இடம் மாற்றிய சத்தத்தில் எழுந்து உட்கார்ந்தவள் நான். அதைச் சொன்ன பிறகுதான் டாக்டர் எழுத ஆரம்பித்தார். சோர்வை நாமே போய்ச் சொல்வோம். உற்சாகத்தை நோய் என்று யார் சொல்வார்? பைபோலார் இருப்பவருக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் உற்சாகம் எல்லை மீறிப் போகலாம் என்பதால், இதை மறைப்பது சின்ன விஷயமில்லை.

தனியாகப் பேசுவது உங்கள் உரிமைதான். அம்மாவால் காயப்பட்டவர் என்றால் இது எதுவும் பொருந்தாது. அக்காவையோ பழைய தோழியையோ கூட்டிப் போங்கள். நீங்கள் அப்படி எழுதவில்லை. துணைக்கு மட்டும் அம்மா வேண்டும், அவர் பார்த்தது வேண்டாம் என்றால் எனக்குக் கோபம் வருகிறது. உங்களோடு விழித்திருந்தவருக்கு அந்த அறையில் ஒரு நாற்காலி உண்டு என்று நினைப்பவள் நான். பழைய காலத்து ஆள் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

நான்காவது டாக்டர் வேண்டாம். இப்போது பார்ப்பவரிடமே போங்கள். முந்தைய இருவர் எழுதிய சீட்டுகள், எந்த மாத்திரை எப்போது ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை, பள்ளி ரிப்போர்ட் கார்டில் ஆசிரியர் எழுதியது, இரண்டு மாதத் தூக்கக் கணக்கு எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். தைராய்டு பார்த்தார்களா என்றும் கேளுங்கள். அதுவும் மனதை ஆட்டிவைக்கும். முதல் பாதி அம்மாவோடு, அடுத்த பாதி தனியாக என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அதற்கு முன் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: "நான் தூங்காத ராத்திரியெல்லாம் நீ என்னம்மா பார்த்தாய்?" குறுக்கே பேசாமல், சொல்வதை அப்படியே எழுதி அந்த ஃபைலில் முதல் தாளாக வையுங்கள்.