உள்ளே வெற்றிடம் விட்டு அடுக்கிய விறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஹென்றி லாசனின் ‘வைல் த பில்லி பாய்ல்ஸ்’ சிறுகதைத் தொகுப்பின் மறுபதிப்பைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வாங்கினேன். எனக்கு ஏமாற்றம்தான். பல கதைகளில் எதுவுமே நடப்பதில்லை. அதைவிட என்னை உறுத்தியது வேறு. அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள் கதையின் ஓரத்தில் வந்துபோகிறார்கள். விறகு அடுக்க வருபவன்கூட ஏமாற்றுக்காரனாகத்தான் இருக்கிறான். நிலத்தைப் பறித்தவர்களின் கஷ்டத்தை மட்டும் சொல்லும் கதைகளை இன்றும் கொண்டாட வேண்டுமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

எதுவும் நடக்கவில்லை என்பது உண்மைதான். ஆஸ்திரேலியப் புதர்க்காட்டில் குடியேறியவர்களின் நாட்கள் அப்படித்தான் கழிந்தன. லாசன் அங்கே வளர்ந்தவர். சிறுவயதிலேயே கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தவர். பேச்சைவிட மனிதர்களின் கைகளையும் முகங்களையும் அவர் கூர்ந்து பார்த்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் குறிப்பிடும் விறகுக்காரன் ‘த ட்ரோவர்ஸ் வைஃப்’ கதையில் வருகிறான். 1892 ஜூலையில் ‘புல்லட்டின்’ வார இதழில் வெளிவந்த கதை. கணவன் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போய் ஆறு மாதமாகிறது. அருகிலுள்ள மனித நடமாட்டம் 19 மைலுக்கு அப்பால். வீட்டுக்கு அடியில் பாம்பு புகுந்துவிட, நான்கு குழந்தைகளையும் சமையலறை மேசைமேல் படுக்கவைத்துவிட்டு, நாயோடு இரவு முழுவதும் விழித்திருக்கிறாள் அந்தப் பெண். அவளுக்குப் பெயர் கிடையாது.

நடு இரவில் அடுப்புக்கு விறகெடுக்கப் போகிறாள். ஒரு கட்டையை உருவியதும் குவியல் முழுவதும் சரிகிறது. முந்தைய நாள் பூர்வகுடி மனிதன் ஒருவன் உள்ளே வெற்றிடம் விட்டு அடுக்கிவிட்டுப் போயிருக்கிறான். அதைக் கண்டுபிடிக்காமல் அவனைப் பாராட்டி, கூடுதலாகப் புகையிலையும் கொடுத்திருந்தாள். அழுகை வந்துவிடுகிறது. கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தால் விரல்தான் கண்ணில் குத்துகிறது. துணியெல்லாம் ஓட்டை, கட்டைவிரல் ஒன்றில், ஆட்காட்டிவிரல் இன்னொன்றில். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிடுகிறாள். வறுமையை இதைவிடச் சிக்கனமாக எழுதியவர்கள் குறைவு.

ஆனால் அதே பத்தியில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதை நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள் என்று சந்தேகிக்கிறேன். அந்த விறகுக்காரன் தன் குலத்தில் கடைசியாக எஞ்சியவன், ஓர் அரசன் என்கிறார் லாசன். சொல்லிவிட்டு உடனே விறகு விஷயத்துக்குப் போய்விடுகிறார். குறும்பாகச் சொன்ன வரியாகத்தான் அவர் நினைத்திருக்கக்கூடும். எனக்கு அது தொண்டையில் முள்ளாகச் சிக்கியிருக்கிறது. கடைசி ஆள் என்றால் மற்றவர்கள் எங்கே போனார்கள்? கதை கேட்பதில்லை. லாசன் வளர்ந்த இதே நியூ சவுத் வேல்ஸ் பகுதியில், மயால் கிரீக் என்ற இடத்தில், 1838இல் 28 பூர்வகுடிகளையாவது குடியேறிகள் வெட்டிக் கொன்றார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அதற்காக ஏழு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். மற்ற எத்தனையோ கொலைகளுக்குத் தண்டனையே இல்லை.

அவன் ஏன் அப்படி அடுக்கினான் என்று யோசித்துப் பாருங்கள். தன் மண்ணில் வளர்ந்த மரத்தை வெட்டிக் கொடுத்துவிட்டு, சோம்பேறி இல்லை என்ற பாராட்டை வாங்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திப் போகிறான். நான் அதை ஏமாற்று என்று படிக்கமாட்டேன். அவளுக்குப் பிரசவத்தில் உதவ ஆள் இல்லாதபோது வந்ததும் ஒரு பூர்வகுடிப் பெண்தான். அதுவும் இதே கதையில் இருக்கிறது.

அந்த நிலம் குடியேற்றத்துக்கு முன்பு யாருக்கும் சொந்தமில்லாதது என்ற கோட்பாட்டை அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் 1992இல்தான் தள்ளுபடி செய்தது. கதை வந்து சரியாக 100 ஆண்டுகள். வழக்கைத் தொடுத்த எடி மாபோ தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை. சில மாதங்களுக்கு முன்புதான் இறந்துபோனார்.

லியா பர்செல் என்ற பூர்வகுடிக் கலைஞருக்குச் சிறுவயதில் இந்தக் கதையைப் படித்துக் காட்டியவர் அவருடைய அம்மா. பர்செல் அதை 2016இல் நாடகமாக மாற்றி எழுதினார், பிறகு திரைப்படமாக்கினார். அவருடைய கதையில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் இருக்கிறது, மோலி ஜான்சன். பூர்வகுடி மனிதன் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துவிடுகிறான். உங்களை உறுத்திய அதே இடத்திலிருந்துதான் அவரும் தொடங்கியிருக்கிறார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தொகுப்பைப் பரிந்துரைத்தபோது நான் கைக்குட்டையைப் பற்றி எழுதினேன், அரசனைப் பற்றி எழுதவில்லை. அது என் தவறு. புத்தகத்தை யாருக்காவது கொடுத்துவிடும் எண்ணம் இருந்தால், அதற்கு முன் அந்த ஒரு பத்தியை மட்டும் மறுபடி படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.